வயல் சேற்றில் முட்டை நாற்றம் ஏன்? கந்தகச் சுழற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாள் தண்ணீர் நின்ற வயலில் இறங்கி நடந்தவர்களுக்கு இது தெரியும். கால் புதையும் இடத்தில் குமிழி கிளம்பும், கூடவே அழுகிய முட்டை போல ஒரு நாற்றம். மேல் மண்ணைக் காலால் விலக்கினால் அடியில் கறுப்புச் சேறு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் சேற்றிலும் அதே கறுப்பு, அதே நாற்றம். பள்ளிப் பாடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற கந்தகச் சுழற்சியின் பாதி வேலை இந்தச் சேற்றில்தான் நடக்கிறது. மாணவர்களும் விவசாயிகளும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கந்தகச் சுழற்சி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பாறையிலும் கடலிலும் இருக்கும் கந்தகம் மண், நீர், செடி, விலங்கு, காற்று என்று சுற்றிவிட்டு மறுபடி கடலுக்கும் பாறைக்கும் போய்ச் சேர்வதுதான் கந்தகச் சுழற்சி. நைட்ரஜனுக்குக் காற்றுதான் பெரிய களஞ்சியம். கந்தகத்துக்கு அப்படியில்லை. காற்றில் அது வழிப்போக்கன் மாதிரி, சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். அதன் இருப்பு முழுக்கப் பாறையிலும் கடலிலும்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் கந்தகம் சல்பேட்டாக இருக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பைடாக மாறும். சல்பேட் சாது, நாற்றமில்லை, நீரில் கரைந்து போகும். சல்பைடு நாறும், இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், வாயுவாக வந்தால் நச்சு. சேற்றின் அடியில் ஒரு முகம், சேற்றுக்கு மேலே இன்னொரு முகம். கந்தகத்தால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை, அடியில் புதைந்து கிடந்ததை நாம் அவசரமாக மேலே கொண்டுவந்ததால் வந்தவை. மூடிய இடத்தில் அடைத்து வைத்ததால் வந்தவையும் உண்டு.

சேற்றில் அந்த நாற்றத்தை உண்டாக்குவது எது?

பாக்டீரியா. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல, ஆக்சிஜன் கிடைக்காத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. அழுகிய இலைதழையைத் தின்று, சல்பேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. அதுதான் முட்டை நாற்றம். (குமிழியில் பெரும்பகுதி மீத்தேன், அதற்கு வாசனை கிடையாது.) இந்த நுண்ணுயிர்களை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பைஜெரிங்க், 1895இல்.

ஹைட்ரஜன் சல்பைடு மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிற இரும்பு சல்பைடு ஆகிறது. சேறு கறுப்பது இதனால்தான். காலப்போக்கில் அதுவே பைரைட் என்ற கனிமமாக இறுகும். தங்கம் போல மின்னி ஏமாற்றும் கல் அது. கரையாமல் தப்பி மேலே வரும் வாயுவை, ஆக்சிஜன் உள்ள அடுக்கில் காத்திருக்கும் வேறு வகை பாக்டீரியாக்கள் பிடித்து மறுபடி சல்பேட்டாக்கிவிடும். அந்த மாற்றத்தில் கிடைக்கும் ஆற்றல்தான் அவற்றுக்குச் சோறு. ருஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களில் இதைக் கண்டுபிடித்தபோது, கனிமப் பொருளை வைத்தே ஓர் உயிர் பிழைக்க முடியும் என்பது உலகுக்கே புதுச் செய்தி. 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, வெயிலே படாத அந்த இருட்டில் இப்படிப்பட்ட பாக்டீரியாக்களை நம்பி ஒரு பெரிய உயிர்க்கூட்டமே வாழ்வது தெரிந்தது.

அந்த நாற்றம் நெற்பயிருக்குக் கெடுதலா?

அளவோடு இருந்தால் பயிர் சமாளிக்கும். நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு அனுப்பத் தெரிந்த செடி. நல்ல வேரைப் பிடுங்கிப் பாருங்கள், செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கிப் படிய வைத்த கவசம் அது. சல்பைடு வேரைத் தொடுவதற்கு முன் அந்த இரும்பில் மாட்டிக்கொள்ளும். வேர் கறுத்து நாறினால் கவசம் தோற்றுவிட்டது என்று பொருள். இரும்புச்சத்து குறைந்த மணற்பாங்கான மண்ணில் இது சீக்கிரம் நடக்கும்.

நம் விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கு நல்ல மருந்து. தண்ணீர் கட்டி, வடிய விட்டு, மண் லேசாக வெடிக்கும்போது மறுபடி கட்டுவது. அந்த இடைவெளியில் காற்று உள்ளே போய் சல்பைடை மறுபடி சல்பேட்டாக்கிவிடுகிறது. வேதியியல் பெயர் எதுவும் தெரியாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சரியான வேலை இது.

நம் உடம்பில் கந்தகம் இருக்கிறதா?

இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 140 கிராம். புரதங்களில் உள்ள சிஸ்டீன், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலும் அது உண்டு. தலைமுடி கருகும்போது வரும் வாடை, வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கரிக்கும் வாயு, பூண்டின் நெடி எல்லாம் கந்தகச் சேர்மங்கள்தான்.

ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டும் கந்தகம் கடலிலிருந்து எப்படித் திரும்புகிறது?

இந்தக் கேள்விக்கு வெகுநாள் சரியான விடை இல்லை. ஆறுகள் சல்பேட்டைக் கடலில் சேர்த்துக்கொண்டே இருந்தால் நிலத்தில் கந்தகம் தீர்ந்துபோக வேண்டுமே! கடலிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி வருகிறது என்று நினைத்தார்கள். ஆனால் அது கடற்பரப்பின் ஆக்சிஜனைத் தாண்டி அவ்வளவு வர வழியில்லை. 1971இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக், ஷாக்கிள்டன் என்ற ஆய்வுக் கப்பலில் பிரிட்டனிலிருந்து அண்டார்டிகா பக்கம் போகும்போது, தானே செய்த கருவியால் வழி நெடுகக் கடல்நீரைச் சோதித்தார். போன இடமெல்லாம் டைமெத்தில் சல்பைடு என்ற வாயு இருந்தது. கடலின் மிதவைப் பாசிகள் உண்டாக்கும் ஒரு பொருளிலிருந்து வருவது அது. கடற்கரையில் நாம் கடல் வாசனை என்று சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு.

அந்த வாயு காற்றில் சல்பேட் துகளாக மாறுகிறது. அந்தத் துகளைச் சுற்றி நீராவி படிந்து மேகத்துளி உருவாகிறது. 1987இல் லவ்லாக்கும் இன்னும் மூவரும் சேர்ந்து, கடல் சூடானால் பாசி பெருகி, மேகம் கூடி, கடலைக் குளிர்விக்கும் என்று ஒரு கருதுகோள் வைத்தார்கள். அந்தச் சங்கிலி அத்தனை நேராக இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பாசிக்கும் தலைக்கு மேல் போகும் மேகத்துக்கும் உறவு உண்டு என்பது நின்றுவிட்டது.

எரிமலைகளே கந்தகத்தைக் கக்குகின்றன. மனிதர்களை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

எரிமலை பெரிய ஆள்தான். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ வெடித்தபோது ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாமல் சல்பர் டை ஆக்ஸைடு மேலடுக்கு வளிமண்டலத்துக்குப் போனது. மழைக்கு எட்டாத உயரம் என்பதால் அங்கேயே பல மாதம் தங்கி, வெயிலைத் திருப்பி அனுப்பி, உலகின் சராசரி வெப்பத்தை அடுத்த ஆண்டு சுமார் அரை டிகிரி குறைத்தது. ஆனால் அப்படி ஒரு வெடிப்பு ஒரு நூற்றாண்டில் ஓரிரு முறைதான். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து, தாதுவை உருக்கி, நாம் ஆண்டுதோறும் வெளியிடுவது பினட்டுபோவின் கணக்கைப் பல மடங்கு தாண்டும். அதுவும் ஊருக்குள்ளே, மூக்குக்கு எட்டும் உயரத்தில்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது அதுதான். காற்று அசையாத குளிரில் வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை ஊர் மேல் படுத்துக்கொண்டது. முதலில் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிந்தைய மறுகணக்குகள் 12,000 வரை சொல்கின்றன. நான்கு ஆண்டு கழித்துத்தான் தூய காற்றுச் சட்டம் வந்தது.

அமில மழை நம் நாட்டில் பெய்கிறதா?

மாசில்லாத மழைநீரே லேசான அமிலம்தான். கார்பன் டை ஆக்ஸைடு கரைவதால் அதன் பி.எச் (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூடுதல்) சுமார் 5.6. சல்பர் டை ஆக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கலந்தால் 4 வரைகூட இறங்கும். பிரிட்டனின் ஆலைப்புகையால் நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன் அற்றுப்போன கதை இப்படி வந்ததுதான். அங்கே அடியில் இருப்பது கருங்கல், அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு இல்லை.

இந்தியாவின் பெரும்பகுதியில் காற்றில் பறக்கும் புழுதி காரத்தன்மை உடையது. மழையில் உள்ள அமிலத்தை அது ஓரளவு முறித்துவிடும். அதனால் நமக்கு அமில மழை ஐரோப்பா அளவுக்குப் பெரிய பிரச்சினையாக வரவில்லை. வடகிழக்கு மாநிலங்களின் மண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. கட்டடங்களில் பளிங்குக்குத்தான் ஆபத்து அதிகம். சல்பர் டை ஆக்ஸைடு பட்டால் பளிங்கின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறி உதிரும். தாஜ்மகாலைச் சுற்றி நிலக்கரி எரிக்கும் ஆலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொல்லி, மாறாதவற்றை அகற்றச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு இந்த அச்சமும் காரணம். தஞ்சைப் பெரிய கோயில் கருங்கல் என்பதால் இதில் தப்பித்துக்கொள்கிறது.

மேகாலயாவில் ஒரு நதி நீலமாக மாறுகிறதாமே, அதற்கும் கந்தகத்துக்கும் என்ன தொடர்பு?

ஜெயந்தியா மலைப்பகுதியில் ஓடும் லூக்கா நதியைத்தான் சொல்கிறீர்கள். குளிர்காலத்தில் அதன் தண்ணீர் பார்ப்பவர் மயங்கும் நீலமாகிவிடும். படத்தில் பார்த்தால் அழகு. அதில் மீன் செத்து மிதந்த ஆண்டுகளும் உண்டு.

வடகிழக்கு நிலக்கரியில் மற்ற இந்திய நிலக்கரியைவிடக் கந்தகம் பல மடங்கு அதிகம். அதில் ஒரு பகுதி பைரைட். ஆக்சிஜன் இல்லாத பழங்காலச் சதுப்பில் பாக்டீரியா உண்டாக்கிய அதே பொருள். மண்ணுக்கு அடியில் கிடக்கும் வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. எலிவளைச் சுரங்கம் (ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குறுகலான குழி) தோண்டி அதை வெளியே குவித்தால் காற்றும் மழையும் பட்டு கந்தக அமிலம் ஆகிறது. இதையும் வேகப்படுத்த ஒரு பாக்டீரியா உண்டு. அமிலம் பாறையிலிருந்து இரும்பு, அலுமினியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடை வழியாக லூக்கா போன்ற நதியில் இறங்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. ஆனால் கைவிட்ட குழியிலிருந்தும் அமிலம் வந்துகொண்டேதான் இருக்கும். தோண்டுவதை நிறுத்தினாலும் வேதிவினை நிற்காது என்பதுதான் இதில் என்னை மிகவும் கலங்க வைக்கும் விஷயம்.

நம் பக்கத்தில் கேரளத்தின் குட்டநாட்டில் கரி நிலங்கள் உண்டு. காயலை ஒட்டிய கறுப்பு மண். அங்கேயும் மண்ணில் பைரைட். தண்ணீர் நிற்கும்வரை பயிர் வைக்கலாம், வடிந்து காய்ந்தால் கடும் அமிலமாகிவிடும். வயல் சேற்றுக்குக் காய்ச்சல் மருந்து என்று மேலே சொன்னேன். இந்த மண்ணுக்கு அதுவே நஞ்சு. எந்த மண் என்று பார்க்காமல் சதுப்பை வடித்து நிலமாக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தாமிர உருக்காலை என்றாலே ஏன் கந்தகப் பேச்சு வருகிறது?

தாமிரத்தின் முக்கியத் தாது சால்கோபைரைட். அதன் எடையில் தாமிரம் எவ்வளவோ அவ்வளவு கந்தகமும் இருக்கிறது, இரண்டும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஒரு டன் தாமிரம் எடுக்க ஒரு டன் கந்தகம் எரிந்து இரண்டு டன் சல்பர் டை ஆக்ஸைடு வரும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்க வேண்டும். அதனால்தான் இத்தகைய ஆலைகளோடு அமில ஆலையும் இருக்கும். அந்தப் பிடிப்பு சற்று நழுவினாலும் சுற்றியுள்ளவர்களுக்குத் தொண்டை எரியும், கண் எரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு அடைக்கும். 2013 மார்ச்சில் தூத்துக்குடி மக்கள் இதே உபாதைகளைச் சொல்லித்தான் புகார் செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், அதுவரை ஏற்பட்ட சுற்றுச்சூழல் பாதிப்புக்காக அங்கிருந்த ஆலை 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அனல்மின் நிலையப் புகையில் கந்தகத்தைப் பிடிக்க முடியாதா?

முடியும், புதிய தொழில்நுட்பமும் இல்லை. புகையைச் சுண்ணாம்புக்கல் கலந்த நீரில் கழுவினால் சல்பர் டை ஆக்ஸைடு ஜிப்சமாகிவிடும். அதைச் சிமெண்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 1990க்குப் பிறகு மின்நிலையங்களின் சல்பர் டை ஆக்ஸைடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சீனாவும் 2000களின் பிற்பகுதியிலிருந்து வேகமாகக் குறைத்தது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டு ஆண்டுகளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் சல்பர் டை ஆக்ஸைடு அளவும் வரம்புக்குள் இருக்கிறது என்பது வாதம். இரண்டுமே பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த வாயு காற்றில் வாயுவாகவே இருப்பதில்லை. ஓரிரு நாளில் நுண்துகளாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. வாயுவை மட்டும் அளந்து எல்லாம் நலம் என்று சொல்வது சரியான கணக்கு அல்ல என்பது என் கருத்து.

மலக்குழியில் இறங்குபவர்கள் ஏன் சட்டென்று மயங்கி விழுகிறார்கள்?

வயல் சேற்றில் நடக்கும் அதே வினை, மூடிய குழிக்குள். கழிவுநீரில் சல்பேட் உண்டு, உணவு நிறைய உண்டு, ஆக்சிஜன் இல்லை. பாக்டீரியா இரவு பகலாக ஹைட்ரஜன் சல்பைடு செய்துகொண்டிருக்கும். திறந்த வயலில் அது காற்றோடு போய்விடும். குழியில் போக வழியில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். கொஞ்சம் சேற்றிலேயே கரைந்து கிடக்கும், கம்பு விட்டுக் கலக்கினால் மொத்தமாகக் கிளம்பும்.

இதில் கொடுமை என்னவென்றால், நாற்றத்தை நம்ப முடியாது. மிகச் சிறிய அளவிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் 10 லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களிலும், 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலும் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று படிக்கிறோமே, பெரும்பாலும் இப்படித்தான்.

தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைப்பது எதுவும் பாதுகாப்பு ஆகாது. குழியில் மீத்தேனும் இருக்கும், வெடிக்கலாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் வீட்டுக் குழி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். அடியில் கட்டி தங்கிவிட்டது, ஆள் இறங்கினால்தான் சரியாகும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாராவது விழுந்துவிட்டால் இறங்காதீர்கள், 101க்கு அழையுங்கள்.

கந்தகத்தைக் குறைத்தால் பூமி இன்னும் சூடாகும் என்கிறார்களே?

உண்மைதான். சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பி, பசுங்குடில் வாயுக்கள் தந்த வெப்பத்தில் கிட்டத்தட்ட அரை டிகிரியை மறைத்து வைத்திருக்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. கடல் மேல் கப்பல் தடத்தில் உருவாகும் மேகக் கோடுகள் குறைந்ததைச் செயற்கைக்கோள்கள் காட்டின. (அந்த 0.5கூட நம் லாரிகளில் ஊற்றும் பி.எஸ். 6 டீசலில் உள்ளதைவிட 500 மடங்கு.)

அதற்காகப் புகையை விட்டுவைக்கலாமா? கூடாது. அந்த நிழலுக்கு விலை மனிதர்களின் நுரையீரல். துகள்கள் ஒரு வாரத்தில் இறங்கிவிடும், கார்பன் டை ஆக்ஸைடு நூற்றாண்டுகள் நிற்கும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும், மீத்தேனையும்தான்.

நிலக்கடலைக்கு ஜிப்சம் போடச் சொல்வது ஏன்?

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். விழுது மண்ணில் இறங்கும்போது காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை நேரடியாக மண்ணிலிருந்து எடுக்கும். இல்லாவிட்டால் பொக்குக் காய். கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கு. ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளில் செடிக்குப் பக்கத்தில் போட்டு மண் அணைப்பது வழக்கம்.

முன்பு சூப்பர் பாஸ்பேட், அம்மோனியம் சல்பேட் போட்டபோது கந்தகம் கேட்காமலே கிடைத்தது. யூரியாவுக்கும் டி.ஏ.பி.க்கும் மாறிய பிறகு அது நின்றுபோனது. ஐரோப்பாவில் புகை குறைந்ததும் கடுகு வகைப் பயிர்களில் கந்தகப் பற்றாக்குறை தலைகாட்டியது, இலவசமாக வானத்திலிருந்து விழுந்த உரம் நின்றதால். இளம் இலை முதலில் வெளுத்தால் கந்தகக் குறை, முதிர்ந்த இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை என்று பிரித்தறியலாம்.

போர் தண்ணீரில் முட்டை நாற்றம் வருகிறது. குடிக்கலாமா?

முதலில் நாற்றம் எங்கே வருகிறது என்று பாருங்கள். வெந்நீர்க் குழாயில் மட்டும் வந்தால் கெய்சருக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டு காரணமாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றலாம். எல்லாக் குழாயிலும் வந்தால் நிலத்தடியிலேயே சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா வேலை செய்கிறது. மேல்தொட்டியில் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்து விழவிட்டால் பெரும்பகுதி வாயு காற்றோடு போய்விடும். அளவாகக் குளோரின் போட்டாலும் அடங்கும்.

இதுவரை நாறாத போர் திடீரென்று நாறினால் கழிவுநீர்த் தொட்டி கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். வேதியியல் சோதனையோடு பாக்டீரியா சோதனையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.